மைஎஸ்க்யூஎல்: ஒவ்வொரு வரிசையாக எடுத்தும் நினைவகம் தீர்ந்துபோவது ஏன்?

#1 தேனீ

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் விற்பனைப் பதிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும் பக்கம் ஒன்று இருக்கிறது. பிஎச்பி 8.2, தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் 8.0. இரண்டையும் இணைக்க பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல்ஐ நீட்சி. ஒரு மாதக் கணக்கைக் கேட்டால் சிக்கலில்லை. முழு ஆண்டுக் கணக்கைக் கேட்டால் ஏறத்தாழ 12 லட்சம் வரிசைகள் வர வேண்டும். பக்கம் பிழையோடு நின்றுவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட 134217728 பைட் நினைவகம் தீர்ந்துவிட்டதாகப் பிழைப் பதிவேடு சொல்கிறது.

நான் எல்லா வரிசைகளையும் ஓர் அரேயில் சேர்த்துவைக்கவில்லை. லூப்புக்குள் 'ஃபெட்ச் அசோக்' மூலம் ஒரு வரிசையை எடுக்கிறேன், கோப்பில் எழுதுகிறேன், அடுத்ததற்குப் போகிறேன். எந்த நேரத்திலும் என் கையில் ஒரே ஒரு வரிசைதானே இருக்கிறது? அதைவிடக் குழப்பம் என்னவென்றால், பிழை லூப்புக்குள் வரவில்லை. வினவலை அனுப்பும் 'குவெரி' என்ற வரியிலேயே வருகிறது. ஒரு வரிசையைக்கூட எடுக்காத நிலையில் நினைவகம் எப்படித் தீரும்?

வரம்பை 512 எம்பி ஆக்கினால் ஓடிவிடுகிறது. ஆனால் பதிவுகள் கூடிக்கொண்டே போகின்றன. காரணம் தெரியாமல் வரம்பை மட்டும் உயர்த்திக்கொண்டே போக எனக்கு விருப்பமில்லை.

#2 கல்லணை

பிழை எந்த வரியில் வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது.

'ஃபெட்ச்' என்ற பெயரைப் பார்த்தால் அந்த அழைப்புதான் சர்வருக்குப் போய் ஒரு வரிசையைக் கொண்டுவருகிறது என்று தோன்றும். மைஎஸ்க்யூஎல்ஐயின் இயல்பு நிலையில் அப்படி நடப்பதில்லை. 'குவெரி' அழைப்பு திரும்பி வருவதற்குள் முடிவு முழுவதும், கடைசி வரிசைவரை, சர்வரிலிருந்து கிளம்பி நெட்வொர்க்கைத் தாண்டி உங்கள் பிஎச்பி புராசஸின் நினைவகத்துக்கு வந்துவிட்டது. 'ஃபெட்ச் அசோக்' செய்வது, ஏற்கெனவே வந்து கிடக்கும் குவியலில் அடுத்த வரிசையைப் பிரித்து உங்களுக்கு அரேயாகத் தருவது மட்டுமே. அதற்கு நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசை சராசரியாக 200 பைட் என்றால் 12 லட்சம் வரிசைக்கு 24 கோடி பைட். உங்கள் வரம்பு 13.4 கோடி. பாதி வழி தாண்டியதுமே தீர்ந்துவிடும். 512 எம்பி என்பது 53 கோடிக்கும் மேல், அதனால் ஓடிவிடுகிறது.

இது பிஎச்பியின் கண்டுபிடிப்பு அன்று. மைஎஸ்க்யூஎல்லின் சி மொழி லைப்ரரியிலேயே தொடக்கத்திலிருந்து இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று 'ஸ்டோர் ரிசல்ட்': முடிவு முழுவதையும் கிளையன்ட் பக்கம் இறக்கி வைத்துக்கொள்வது. மற்றொன்று 'யூஸ் ரிசல்ட்': எதையும் சேமிக்காமல், கேட்கும்போது கேட்கும்போது சாக்கெட்டிலிருந்து அடுத்த வரிசையை வாசிப்பது. பிஎச்பியில் 'குவெரி' அழைப்புக்கு இரண்டாவது அளவுருவாக 'மைஎஸ்க்யூஎல்ஐ_யூஸ்_ரிசல்ட்' என்று கொடுத்தால் இரண்டாவது வழி. எதுவும் கொடுக்காவிட்டால் முதல் வழி. பிடிஓ (பிஎச்பியின் இன்னொரு தரவுத்தள இடைமுகம்) பயன்படுத்துகிறவர்களுக்கு 'யூஸ் பஃபர்டு குவெரி' என்ற அமைப்பு இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பும் 'ஆம்'தான், அதாவது முழுவதையும் இறக்கி வைக்கும் பஃபர் முறை.

லூப்பை மாற்றத் தேவையில்லை. அந்த ஓர் அளவுருவைச் சேர்த்துப் பாருங்கள்.

#3 புதுவயல்

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க் என்றால் இதற்கு 'கர்சர்' என்ற மெத்தடே இருக்கிறது. ஜெனரேட்டர் மூலம் ஒவ்வொரு மாடலாகத் தருவதால் நினைவகம் கூடாது. அங்கே மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

#4 கல்லணை

புதுவயல், பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. 'கர்சர்' ஒரு நேரத்தில் ஒரு மாடல் பொருளை மட்டுமே உருவாக்குகிறது. அதில் கிடைக்கும் மிச்சம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் பிடிஓ இணைப்பு பஃபர் முறையிலேயே இருந்தால், மூல வரிசைகள் அனைத்தும் முன்கூட்டியே நினைவகத்துக்கு வந்துவிட்டிருக்கும். வரிசைகள் மிக அதிகமானால் 'கர்சர்' போட்டும் நினைவகம் தீரும் என்று லாராவெல் ஆவணமே காரணத்தோடு எச்சரிக்கிறது. மேலே எத்தனை அடுக்கு அழகாக இருந்தாலும், வரிசை எப்போது கம்பியைக் கடக்கிறது என்பதை முடிவு செய்வது கடைசியில் இருக்கும் டிரைவர்தான்.

முன்பு இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாக இருந்தது. பழைய பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லின் சொந்த சி லைப்ரரியோடு இணைக்கப்பட்டிருந்தபோது, அந்த லைப்ரரி பிடிக்கும் இடம் பிஎச்பியின் நினைவகக் கணக்கில் வராது. பக்கம் சத்தமில்லாமல் ஓடும்; சர்வர் முழுவதும் மூச்சுத்திணறும். பிஎச்பி 5.4 முதல் மைஎஸ்க்யூஎல்என்டி இயல்பு டிரைவரானது. அது பிஎச்பியின் நினைவகத்தையே பயன்படுத்துவதால் வரம்பும் பொருந்துகிறது, பிழையும் உடனே கண்ணில் படுகிறது. தேனீயின் பிழை 'குவெரி' வரியில் வந்ததற்கு அதுவே காரணம்.

#5 புதுவயல்

ஆவணத்தில் பார்த்தேன். நீங்கள் சொன்ன குறிப்பு 'கர்சர்' பகுதியிலேயே இருக்கிறது. இவ்வளவு வரிசை என்றால் 'லேசி' பயன்படுத்தச் சொல்கிறார்கள். நன்றி.

#6 தேனீ

அளவுருவைச் சேர்த்தேன். நினைவகப் பிழை போய்விட்டது. ஆனால் முதல் வரிசையிலேயே வேறு ஒரு பிழை: எண் 2014, 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்'. லூப்புக்குள் ஒவ்வொரு விற்பனைக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க இன்னொரு வினவல் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நிற்கிறது. பஃபர் முறையில் இதே நிரல் ஒழுங்காக ஓடியது.

#7 கல்லணை

அது எதிர்பார்க்கக்கூடியதே. கம்பியில் என்ன போகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் புரிந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லில் எல்லாமே பாக்கெட்டுகளாகப் போகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 4 பைட்: முதல் 3 நீளம், கடைசி 1 தொடர் எண். நீங்கள் வினவலை அனுப்பியதும் சர்வர் முதலில் எத்தனை நெடுவரிசைகள் என்று ஒரு பாக்கெட் அனுப்பும். பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் பெயர், வகை முதலிய விவரங்கள். பிறகு வரிசைகள், வரிசைக்கு ஒரு பாக்கெட் வீதம். அந்த வரிசைக்குள் எண்கள்கூட எழுத்துகளாகவே இருக்கும். 1250 என்ற எண், 4 என்ற நீளக் குறியோடு நான்கு இலக்க எழுத்துகளாக வரும். மதிப்பே இல்லாத ('நல்') புலத்துக்கு 251 என்ற ஒற்றை பைட். எல்லாம் முடிந்ததும் முடிவுப் பாக்கெட்.

இந்த வரிசைகளை அனுப்பும்போது சர்வர் உங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. 'அடுத்தது கொடு' என்று கிளையன்ட் கேட்கும் செய்தி இந்த முறையில் கிடையவே கிடையாது. சர்வர் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாசிக்காவிட்டால் இருபக்கச் சாக்கெட் பஃபர்களும் நிரம்பி, சர்வரின் த்ரெட் எழுத முடியாமல் நிற்கும். 'ஷோ புராசஸ்லிஸ்ட்' போட்டுப் பார்த்தால் 'சென்டிங் டு கிளையன்ட்' என்று அது காத்திருப்பது தெரியும்.

இப்போது உங்கள் நிலை: அந்த ஒரே இணைப்பில் இன்னும் 12 லட்சம் வரிசைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. நடுவில் வாடிக்கையாளர் பெயர் கேட்டால் அதற்கான பதில் அத்தனைக்கும் பின்னால்தான் வர முடியும். ஆகவே லைப்ரரி உங்களை அனுப்பவே விடாமல் தடுக்கிறது. பஃபர் முறையில் எல்லா வரிசைகளும் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் இணைப்பு ஓய்வாக இருந்தது, அதனால் ஓடியது. பல முடிவுகளைத் தரும் ஸ்டோர்டு புரொசீஜரை அழைத்துவிட்டு 'நெக்ஸ்ட் ரிசல்ட்' மூலம் மிச்சத்தை வாசிக்காமல் விடும்போதும் இதே 2014 வருவது இதனால்தான்.

இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்து தாண்டிவிடலாம். செய்யாதீர்கள். 12 லட்சம் தனி வினவல்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிநொடி என்று வைத்தாலும் 600 நொடி, அதாவது பத்து நிமிடம் பெயர் கேட்பதிலேயே போகும். வாடிக்கையாளர் அட்டவணையை 'ஜாயின்' செய்து ஒரே வினவலாக்குங்கள்.

இன்னொன்று: 'நம் ரோஸ்' பார்த்து முதலிலேயே மொத்த எண்ணிக்கையை அச்சிடுகிறீர்கள் என்றால் இனி அது கிடைக்காது. கடைசி வரிசையை வாசிக்கும்வரை எத்தனை என்று லைப்ரரிக்கே தெரியாது.

#8 மஞ்சணத்தி

ஒரு கிளைக் கேள்வி. எண்கள் எழுத்துகளாக வருகின்றன என்றீர்கள். மைஎஸ்க்யூஎல்ஐயில் அளவுப் புலம் எனக்கு எப்போதும் ஸ்டிரிங் ஆகவே கிடைக்கிறது, ஜேசனில் மேற்கோள் குறியோடு போய் முன்பக்க நிரலைக் குழப்புகிறது. அதற்குக் காரணம் இதுதானா?

#9 கல்லணை

ஆம். சாதாரண வினவலில் வருவது எழுத்து வடிவம். டிரைவர் அதை அப்படியே தருகிறது. 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' பயன்படுத்தினால் வேறு வடிவம், பைனரி. அதில் முழு எண்கள் முழு எண்களாகவே வரும். சாதாரண வினவலிலும் வேண்டுமென்றால் 'இன்ட் அண்ட் ஃப்ளோட் நேட்டிவ்' என்ற இணைப்பு அமைப்பு இருக்கிறது. பிடிஓவில் பிஎச்பி 8.1 முதல் இயல்பாகவே எண்ணாகத் தருகிறார்கள். பதிப்பை உயர்த்தும்போது மும்மடிச் சமக்குறியால் (===) ஸ்டிரிங்கோடு ஒப்பிடும் இடங்களைத் தேடிப் பாருங்கள், அவை அமைதியாக உடையும்.

டெசிமல் புலம் மட்டும் எந்த முறையிலும் ஸ்டிரிங் ஆகவே வரும். அது சரியானது. பணத்தொகையை மிதவைப் புள்ளி எண்ணாக்கினால் பைசாக் கணக்கு பிசகும்.

#10 வேப்பமரம்

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 'யூஸ் ரிசல்ட்' பரிந்துரைக்கும் முன் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நினைவகச் சுமை பிஎச்பியிலிருந்து மாயமாக மறைந்துவிடவில்லை. அது நேரச் சுமையாக மாறி என் சர்வருக்கு வந்திருக்கிறது.

பஃபர் முறையில் சர்வர் முடிவை வேகமாகத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பஃபர் இல்லாத முறையில், கிளையன்ட் எவ்வளவு மெதுவாக வாசிக்கிறதோ அவ்வளவு நேரம் அந்த வினவல் திறந்தே கிடக்கும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்களில் மைஐசாம் அட்டவணை என்றால் அத்தனை நேரமும் வாசிப்புப் பூட்டு. எழுத வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். மற்றோர் எஞ்சினான இன்னோடிபியில் எழுதுகிறவர்கள் தடைபடமாட்டார்கள், ஆனால் அந்த நீண்ட வாசிப்பு பார்க்கும் பழைய பதிப்புகளைத் துடைக்க முடியாமல், அவற்றை வைத்திருக்கும் அன்டு வரலாறு வளர்ந்துகொண்டே போகும். பரபரப்பான விற்பனை நேரத்தில் இது நடந்தால் மற்ற வினவல்களும் மெதுவாகும்.

சர்வருக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. 'நெட் ரைட் டைம்அவுட்' இயல்பாக 60 நொடி. லூப்புக்குள் ஒரு வரிசைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது, வெளியே ஓர் ஏபிஐயைக் கூப்பிடுவது என்று நேரத்தை இழுத்தால், எழுத முடியாமல் 60 நொடி நின்ற சர்வர் இணைப்பை அறுத்துவிடும். பாதிக் கோப்பு கிடைக்கும். வரிசைக்கு வரிசை அதிக வேலை இருந்தால் 'யூஸ் ரிசல்ட்' வேண்டாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே சொல்கிறது.

நடுவில் நிறுத்துவதும் இலவசமன்று. பத்து வரிசை பார்த்துவிட்டு 'பிரேக்' போட்டாலும், முடிவை விடுவிக்கும்போது மிச்சம் உள்ள அத்தனை பாக்கெட்டுகளையும் லைப்ரரி வாசித்துக் கொட்டியாக வேண்டும். பத்து வேண்டுமென்றால் வினவலிலேயே 'லிமிட் 10' போடுங்கள்.

என் பரிந்துரை: சின்னச் சின்னத் துண்டுகளாக, பஃபர் முறையிலேயே எடுங்கள். கடைசியாகப் பார்த்த அடையாள எண்ணைவிடப் பெரியவை, அடையாள எண் வரிசையில், 5000 மட்டும். முடிந்ததும் அடுத்த 5000. ஒவ்வொரு வினவலும் முதன்மை இன்டெக்ஸில் நேராக இறங்கி நொடிப்பொழுதில் முடியும். தயவுசெய்து 'ஆஃப்செட்' போடாதீர்கள். 10 லட்சம் தாண்டி 5000 கேட்டால் சர்வர் அந்த 10 லட்சத்தையும் நடந்து கடந்து எறிந்துவிட்டுத்தான் உங்களிடம் வரும்.

#11 கல்லணை

வேப்பமரம் சொன்ன ஆபத்துகள் எல்லாம் உண்மை. தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இது கணக்கு ஏடு. துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு துண்டும் வேறு நேரத்தின் உண்மையைச் சொல்லும். முதல் துண்டு எழுதிய பிறகு அதிலுள்ள ஒரு விற்பனை ரத்தாகிறது. அதற்கு ஈடான வரவு கடைசித் துண்டில் வருகிறது. கோப்பின் கூட்டல் எந்த நிமிடத்தின் அறிக்கையோடும் ஒத்துப்போகாது. கணக்கருக்கு அதைத் தேடி மாளாது. ஒரே வினவலாக ஓடினால் இன்னோடிபி ஒரே கணத்தின் காட்சியைத் தரும். அந்த ஒருமைக்காகத்தான் நாம் தரவுத்தளத்தையே வைத்திருக்கிறோம்.

#12 வேப்பமரம்

'வித் கன்சிஸ்டென்ட் ஸ்னாப்ஷாட்' என்று டிரான்சாக்ஷனைத் தொடங்கி அதற்குள் துண்டுகளை எடுத்தால் ஒரே கணத்தின் காட்சி கிடைக்கும்.

#13 கல்லணை

கிடைக்கும். ஆனால் டிரான்சாக்ஷன் அத்தனை நேரமும் திறந்திருக்கும், அன்டு வரலாறு அதே அளவு வளரும். நீங்கள் தவிர்க்க நினைத்ததே திரும்பி வருகிறது. ஆகவே நீளத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி: தரவுத்தளம் கொடுக்கும் வேகத்தில் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேனீயின் பக்கத்தில் வேகத்தைக் குறைப்பது யார்? சிஎஸ்வி வரி எழுதும் வேலை மிகச் சிறியது. மெதுவாக இருப்பது, இறக்கிக்கொள்ளும் மனிதரின் இணையம். நடுவில் இருக்கும் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர் பதிலைப் பஃபர் செய்தால் அவருடைய மெதுவான இணைப்பு பிஎச்பியைத் தொடாது. நினைவகம் போதாவிட்டால் என்ஜின்எக்ஸ் தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொள்ளும், இயல்பாக 1024 எம்பிவரை. ஆனால் 'உடனுக்குடன் போகட்டும்' என்று யாராவது அந்தப் பஃபரை அணைத்துவைத்திருந்தால், கைப்பேசியில் இறக்கும் ஒருவரின் மந்தமான சிக்னல் நேராக மைஎஸ்க்யூஎல் த்ரெட்டைப் பிடித்து நிறுத்தும்.

அதை நம்பியிருக்காமல் நானாகவே இப்படிச் செய்வேன்: 'யூஸ் ரிசல்ட்' முறையில் வாசித்து, வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதுவது. கடைசி வரிசை வந்ததும் முடிவை விடுவித்து இணைப்பை மூடுவது. அதன் பிறகே கோப்பைப் பயனருக்கு அனுப்பத் தொடங்குவது. பஃபர் வட்டுக்குப் போய்விட்டது. 24 கோடி பைட் நினைவகத்துக்குப் பெரிய சுமை, வட்டுக்கு ஒன்றுமே இல்லை. மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியும் இந்த வழியில்தான் போகிறது. 'குவிக்' என்ற அமைப்பு அதில் இயல்பாகவே இயங்குவதால், அட்டவணையை நினைவகத்தில் குவிக்காமல் வரிசை வரிசையாக வட்டுக்கு எழுதுகிறது.

#14 வேப்பமரம்

இதை ஏற்கிறேன். முடிந்தால் ரெப்ளிகா (நகல்) சர்வரில் ஓடட்டும். வரிசைக்கு வரிசை வேலை இருக்கும் பணிகளுக்கு, வட்டி போடுதல், நினைவூட்டல் அனுப்புதல் போன்றவற்றுக்கு, துண்டு முறைதான் சரி என்பதில் நான் மாறவில்லை. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற வசதி அதில்தான் இருக்கிறது.

#15 கல்லணை

அதில் இருவருக்கும் ஒரே கருத்து.

#16 அலைவரிசை

மைஎஸ்க்யூஎல் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம், மற்ற இடங்களில் நிலைமை வேறு என்பதால் சேர்க்கிறேன். நான் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் ஜாவாவும் பயன்படுத்துகிறேன்.

போஸ்ட்கிரெஸின் சி லைப்ரரியான லிப்பிக்யூவும் இயல்பில் முழு முடிவையும் சேர்த்துவைத்துத்தான் தரும். ஒற்றை வரிசை முறை 9.2 பதிப்பில்தான் வந்தது. ஒற்றை ஒற்றையாக எடுப்பதில் ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சடங்கு இருப்பதால், பல வரிசைகளைக் கட்டாகத் தரும் முறையைப் பதிப்பு 17-இல் சேர்த்தார்கள். ஆனால் இங்கே பெரும்பாலும் பயன்படுவது சர்வர் பக்கக் கர்சர். மைஎஸ்க்யூஎல்லின் சாதாரண வினவலில் இல்லை என்று கல்லணை சொன்ன அந்த 'அடுத்தது கொடு' இங்கே இருக்கிறது. கர்சரை அறிவித்துவிட்டு 2000 வரிசை கேட்கலாம், நிறுத்தலாம், அதே இணைப்பில் வேறு வினவல் ஓட்டலாம், பிறகு அடுத்த 2000 கேட்கலாம். 2014 போன்ற பிழைக்கு வேலையே இல்லை.

ஜாவாவில் 'செட் ஃபெட்ச் சைஸ்' போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர் அதை மதிப்பதற்கு ஆட்டோகமிட் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், முடிவு முன்னோக்கி மட்டும் நகரும் வகையாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை. முழு முடிவும் நினைவகத்துக்கு வந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவரில் இன்னும் விசித்திரம்: ஒவ்வொரு வரிசையாக வாசிக்க, ஃபெட்ச் அளவாக ஜாவாவின் மிகச் சிறிய முழு எண்ணை, அதாவது மைனஸ் 214 கோடிச் சொச்சத்தைக் கொடுக்க வேண்டும். அதை ஒரு சைகையாக வைத்திருக்கிறார்கள். நிரலில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டச்சுப் பிழை என்று யாரும் திருத்திவிடாமல் பக்கத்தில் விளக்கம் எழுதிவையுங்கள்.

ஆரக்கிளில் சிக்கல் நேர் எதிர்த் திசையில். அதன் ஜேடிபிசி டிரைவர் இயல்பாக ஒரு நேரத்தில் 10 வரிசைதான் கேட்கும். நினைவகம் பத்திரம். ஆனால் 12 லட்சம் வரிசைக்கு 1,20,000 முறை போய்வர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிநொடி என்றாலும் 120 நொடி நடையிலேயே போய்விடும். ஃபெட்ச் அளவை 500 ஆக்கினால் 2400 முறை, இரண்டரை நொடிக்குள். வினவலைத் திருத்து, இன்டெக்ஸ் போடு என்று தேடிக்கொண்டிருக்கிற பல இடங்களில் நோய் இந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

#17 மஞ்சணத்தி

பைத்தானில் போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைக்கோபிஜி2? அங்கே 'ஃபெட்ச் ஒன்', 'ஃபெட்ச் மெனி', 'ஃபெட்ச் ஆல்' என்று மூன்று இருக்கின்றன. 'ஃபெட்ச் ஒன்' போட்டால் ஒவ்வொன்றாகத்தானே வரும்?

#18 அலைவரிசை

வராது. தேனீயின் கேள்விதான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. அந்த மூன்று பெயர்களும் பைத்தானின் பொது இடைமுக வரையறையான பெப் 249-இல் வருபவை. உங்கள் நிரலுக்கு எத்தனை வரிசை கைமாற வேண்டும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. கம்பியில் எப்போது வர வேண்டும் என்பதை அந்த வரையறை டிரைவருக்கே விட்டுவிட்டது. சைக்கோபிஜி2-இல் சாதாரண கர்சர் என்றால் 'எக்ஸிக்யூட்' முடியும்போதே எல்லாம் வந்துவிட்டது. கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்தால் மட்டுமே அது சர்வர் பக்கக் கர்சர் ஆகும். லூப்பில் ஓட்டும்போது 2000 வரிசைக் கட்டுகளாக எடுக்கும்.

பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் 'இட்டரேட்டர்' அழைத்தால் போஸ்ட்கிரெஸுக்கு, பதிப்பு 1.11 முதல், இதே சர்வர் பக்கக் கர்சரைப் பயன்படுத்துகிறது. நடுவில், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்ஷன் முறையில் இருந்தால் கவனம். முதல் கட்டைக் கொடுத்த இணைப்பு வேறு, அடுத்த கட்டைக் கேட்கும் இணைப்பு வேறு ஆகிவிடும். அப்படி ஒரு கர்சரே இல்லை என்று பிழை வரும். அதற்காகவே 'டிசேபிள் சர்வர் சைடு கர்சர்ஸ்' என்ற அமைப்பை வைத்திருக்கிறார்கள்.

கர்சர் பற்றி இன்னொரு நுணுக்கம், தெரிந்தவர்கள் குறைவு. கர்சர் திறந்தால் நீங்கள் முழு முடிவையும் வாசிக்கப் போவதில்லை என்று போஸ்ட்கிரெஸ் திட்டமிடுநர் ஊகிக்கிறது. 'கர்சர் டியூப்பிள் ஃப்ராக்ஷன்' இயல்பாக 0.1, அதாவது பத்தில் ஒரு பங்கு. எனவே முதல் வரிசைகளைச் சீக்கிரம் தரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். ஏற்றுமதிக்குக் கடைசிவரை வாசிக்கும்போது அந்தத் திட்டம் மொத்தத்தில் மெதுவானதாக இருக்கலாம். சாதாரணமாக வேகமாக ஓடும் வினவல் கர்சருக்குள் போனதும் இழுக்கிறதென்றால், அந்த மதிப்பை 1 ஆக்கிப் பாருங்கள்.

#19 புதுவயல்

அப்படியென்றால் வழக்கமான வலைப்பக்கங்களையும் பஃபர் இல்லாத முறைக்கு மாற்றிவிட வேண்டுமா? எங்கள் திட்டத்தில் எல்லாமே இயல்பு நிலையில்தான் இருக்கிறது.

#20 வேப்பமரம்

மாற்றாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 20 வரிசை, 50 வரிசை காட்டுகிற இடத்தில் பஃபர் முறையே மிகச் சிறந்தது. சர்வர் உடனே விடுபடுகிறது, இணைப்பு உடனே அடுத்த வினவலுக்குத் தயாராகிறது, எண்ணிக்கை தெரிகிறது. இயல்பு நிலையை அப்படி வைத்தவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, 'லிமிட்' இல்லாமல் ஓடும் வினவல்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும். ஏற்றுமதி, மாத இறுதி அறிக்கை, இரவில் ஓடும் பணிகள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

'ஃபெட்ச் ஆல்' இருக்கும் இடங்களையும் தேடுங்கள். பிஎச்பியில் எட்டுப் புலம் கொண்ட ஒரு வரிசையை அரேயாக்கினால் அதன் கூடு மட்டுமே 300 பைட்டைத் தாண்டும், ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் தலையில் 24 பைட் தனி. 200 பைட் தரவு நினைவகத்தில் மூன்று மடங்காக உட்காரும்.

#21 தேனீ

எல்லாருக்கும் நன்றி. 'ஜாயின்' போட்டு ஒரே வினவலாக்கி, 'யூஸ் ரிசல்ட்' முறையில் வட்டுக்கு எழுதி, இணைப்பை மூடிய பிறகு கோப்பை அனுப்புகிறேன். பிஎச்பியின் உச்ச நினைவகப் பயன்பாடு சில எம்பியைத் தாண்டவில்லை. வரம்பை மறுபடி 128 எம்பிக்கே இறக்கிவிட்டேன்.

கோப்பு முழுமையாக வருகிறது. ஆனால் கணக்குப் பிரிவில் எக்ஸெலில் திறந்து, கடைசி ஒன்றரை லட்சம் வரிசைகள் இல்லை என்கிறார்கள். கோப்பில் இருக்கின்றன, நான் எண்ணிப் பார்த்தேன். தமிழில் உள்ள ஊர்ப்பெயர்களும் சிதைந்து தெரிகின்றன.

#22 மஞ்சணத்தி

எக்ஸெல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிச்சம் அங்கே அறுபட்டிருக்கிறது. காலாண்டு வாரியாக நான்கு கோப்புகளாகப் பிரித்துக் கொடுங்கள். அதே லூப்பில் காலாண்டு மாறும்போது புதுக் கோப்பைத் திறந்தால் போதும், வினவலை மாற்ற வேண்டாம், ஒரே கணத்தின் காட்சியும் கலையாது.

தமிழ் சிதைவதற்கு: கோப்பின் முதல் மூன்று பைட்டுகளாக யூடிஎஃப்-8 அடையாளக் குறியை எழுதுங்கள், பதினறும எண்ணில் இஎஃப், பிபி, பிஎஃப். அது இல்லாவிட்டால் எக்ஸெல் வேறு குறியாக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. நான்கு கோப்புக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

#23 தேனீ

இரண்டும் சரியாகிவிட்டன. கடைசியாக ஒன்று. ஏற்றுமதி ஓடும்போது அதே பயனர் வேறு தாவலில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சுழன்றுகொண்டே இருக்கிறது. மற்ற பயனர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் பூட்டு எதுவும் தெரியவில்லை.

#24 கல்லணை

தரவுத்தளம் காரணமன்று. பிஎச்பியின் கோப்புவழி செஷன், பக்கம் முடியும்வரை அந்தப் பயனரின் செஷன் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். அதே ஆள் திறக்கும் மற்றப் பக்கங்கள் அந்தப் பூட்டுக்காக நிற்கின்றன. உள்நுழைவையும் உரிமையையும் சரிபார்த்து முடித்தவுடன், வினவலை அனுப்பும் முன்பே, 'செஷன் ரைட் குளோஸ்' அழைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு செஷனில் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் சேமிக்கப்படாது.

#25 தேனீ

சேர்த்துவிட்டேன், மற்றத் தாவல்கள் உடனே திறக்கின்றன.